ரசமட்டமும் ஏழாம் நம்பர் வண்டியும்

அந்த ஆஸ்பத்திரியில் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பெரிய டாக்டர் முதல் துடைப்பம் பிடிக்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் ரசமட்டம்தான். கொத்தனார்கள் தரை சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழி ஓடுமே, ஒரு முழ நீளக் கருவி, அதன் பெயர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைகிற ஆசாமிகள் உண்டு. இவர் கக்கத்தில் ரசமட்டம்.

மனிதருக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. சம்பந்தி வீட்டில் முதல் முறையாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, "மேசை இடது பக்கம் கால் அங்குலம் இறங்கியிருக்கு" என்று சொல்லி, குனிந்து ஓர் அட்டையை மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் கை கழுவினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மனுஷனோட முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். என்னை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருப்பாரா? பார்வையெல்லாம் தரையிலதான்" என்று சம்பந்தியம்மாளிடம் சொன்னார். இதில் பொய் ஒன்றும் இல்லை.

பத்தொன்பது வயதில், ஆஸ்பத்திரியின் பின் கட்டடம் எழும்பும்போது கொத்தனாராக உள்ளே வந்தவர். கட்டி முடித்ததும் எல்லோரும் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், இவர் மட்டும் பராமரிப்பு வேலைக்கு என்று தங்கிவிட்டார். முப்பத்துமூன்று வருடம் ஓடிவிட்டது. எந்தச் சுவரில் எந்த விரிசல் எப்போது வந்தது என்று கேட்டால் பிள்ளைகளின் பிறந்த நாளை விடச் சரியாகச் சொல்வார்.

அந்தப் பின் கட்டடத்தின் வாசலில் மூன்று படிகள் இருந்தன. ஆறு அங்குலம், ஆறு அங்குலம், ஆறு அங்குலம். மூன்றும் ஒரு நூல் பிசகாது. கட்டியது யார் தெரியுமா? இவரேதான். அவர் தனியாகக் கட்டிய முதல் வேலை. ரொம்ப நாள் அந்தப் படிகளைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அதெல்லாம் அக்காவின் கால் போகிற வரைக்கும்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர், ஐந்து வயது மூத்தவர். அதே ஆஸ்பத்திரியில், அதே பின் கட்டடத்தில், பழைய கோப்புகள் இருக்கும் ரெக்கார்டு ரூமில் வேலை. கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம் என்று நிர்வாகம் பெருமையடித்துக்கொள்ளும். பாதிதான் ஏற்றினார்கள், ஏற்றியதில் பாதி தப்பு. அப்பாவுடைய ரத்த வகை மகனுக்கு, மகனுடைய எக்ஸ்ரே மாமனாருக்கு. அதனால் அவசரம் என்றால் டாக்டர்கள் அக்காவிடம்தான் ஓடி வருவார்கள். பெயரைச் சொன்னால் போதும், எந்த வருடம், எந்த அலமாரி, எத்தனாவது தட்டு என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்.

சர்க்கரை முற்றி வலது கால் புண்ணாகி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் சக்கர நாற்காலியில் வேலைக்குத் திரும்பிய அக்கா, வாசலுக்கு வந்து நின்றார். எதிரே தம்பி கட்டிய மூன்று படிகள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு வார்டு ஆட்கள் வந்து நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார்கள், சாயங்காலம் தூக்கிக் கீழே இறக்குவார்கள். பீரோவை மாடிக்கு ஏற்றுகிற மாதிரி "ஒண்ணு, ரெண்டு, ஹூம்!" என்று சத்தம் வேறு. ஒரு நாள் அதில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"அம்மா, வெயிட் போட்டுட்டீங்க!"

"ஒரு காலைக் கழிச்சுக்கிட்ட அப்புறமாடா?" என்றார் அக்கா.

வாய்க்கு வாய் பேசுவார், சிரிக்கவும் சிரிப்பார். ஆனால் தூக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அதைத் தம்பி பார்த்திருக்கிறார். கட்டியவன் என்ற முறையில் அவருக்கு அது நெஞ்சில் குத்தும்.

சரி, படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டினால் தீர்ந்தது. சிமெண்டும் மணலும் இருக்கிறது, கட்டுவதற்கு அவரே இருக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் நிர்வாக அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அந்த அதிகாரிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பரிசீலனை. எந்தக் கடிதம் போனாலும் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி, மேசையின் இடது ஓரத்தில் உள்ள தட்டில் வைப்பார். அந்தத் தட்டுக்குள் போன காகிதம் திரும்பி வந்ததாக ஆஸ்பத்திரி வரலாற்றில் ஆதாரம் இல்லை.

நான்கு வருடத்தில் ரசமட்டம் பதினொரு கடிதம் கொடுத்தார். நேரில் போய் நின்றால், "கட்டடத்தோட அழகு கெட்டுடும்யா" என்பார் பரிசீலனை. பின் கட்டடத்தின் அழகு என்ன தெரியுமா? ஒரு பக்கம் குப்பைத் தொட்டி, ஒரு பக்கம் துணி துவைக்கும் இடத்தின் புகைபோக்கி. அந்த அழகு கெட்டுவிடுமாம்!

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ரோபோக்கள் வந்து இறங்கின.

டைரக்டர் எங்கேயோ மாநாட்டுக்குப் போனவர், அங்கே பார்த்து மயங்கிவிட்டார். இடுப்பு உயரம், அடியில் சக்கரம், நடுவில் தட்டுகள், உச்சியில் இரண்டு கண் மாதிரி நீல விளக்கு. மருந்து, துணி, கோப்பு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டு போகும். வாங்கியது ஏழு. ஏழாவதை லாரியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டு உடைத்துவிட்டார்கள், அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அதைப் பற்றி டைரக்டருக்கு எழுதிய கடிதம், படிக்கப்படாமலே, எங்கே இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரோபோக்களோடு கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கையில் ஒரு டேப்லெட். "வண்டி ஓடுறதுக்கு முன்னாடி கட்டடத்தைச் சரி பண்ணணும்" என்று சொல்லி ரசமட்டத்தோடு மாடி மாடியாக நடந்தாள். கண்ணாடிக் கதவு வண்டியின் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கதவில் பட்டை ஒட்ட வேண்டும். தரை பளபளத்தால் கீழே இன்னொரு தாழ்வாரம் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும், அதனால் பளபளப்பு கூடாது. வாசல் நிலையில் விரற்கடை மேடு இருந்தாலும் முட்டி நிற்கும். மாடிப்படியின் உச்சியில் தடுப்பு இல்லாவிட்டால் உருண்டுவிடும். ரசமட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். முப்பத்துமூன்று வருடத்தில் தன்னைப் போலவே தரையைப் பார்த்துப் பேசுகிற ஒரு பிறவியை அன்றுதான் அவர் சந்தித்தார்.

முதல் நாள் ஓட்டத்தில் ஒன்றாம் நம்பர் வண்டி டைரக்டர் அறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. அங்கே கறுப்புக் கம்பளி மிதியடி ஒன்று கிடந்தது. கறுப்பைக் கண்டால் வண்டிக்குப் பள்ளம் என்று தோன்றுமாம். "முன்னால் பள்ளம் உள்ளது. உதவி தேவை" என்று அது குரல் கொடுத்தது. அதே மிதியடியில் தடுக்கி இரண்டு நோயாளிகள் விழுந்திருக்கிறார்கள், ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்போதெல்லாம் "பார்த்து நடக்கக் கூடாதா?" என்றுதான் கேட்டார்கள். வண்டி நின்ற பத்தாவது நிமிடம் மிதியடி குப்பைக்குப் போய்விட்டது.

டைரக்டர் அன்றே உத்தரவு போட்டார். ரோபோவுக்கு என்ன வசதி வேண்டுமோ ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டும், யாரும் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. அதற்கென்று பச்சை நிறத்தில் ஒரு தனிப் படிவமே அச்சடித்தார்கள்.

ரசமட்டம் முதலில் ஆழம் பார்த்தார். இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் ஒரு விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. நர்சுகள் கேட்டும் நடக்கவில்லை, நோயாளிகள் கேட்டும் நடக்கவில்லை. இவர் பச்சைப் படிவத்தில், "வண்டியின் கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் விளக்கு எரிந்தது.

அடடா! மனிதர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ரெக்கார்டு ரூமுக்கு வண்டி போக வேண்டும், ஆகவே பின்வாசலில் சாய்தளம் வேண்டும். ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓரடி நீளம் என்று கம்பெனிக் காகிதத்திலேயே இருந்தது. பதினெட்டு அங்குலத்துக்குப் பதினெட்டு அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி.

"வண்டிக்குக் கைப்பிடி எதுக்குய்யா?" என்றார் பரிசீலனை.

"உருண்டா தாங்கணும் சார்."

கையெழுத்து விழுந்தது. ரெக்கார்டு ரூம் கதவை முக்கால் முழம் அகலப்படுத்த வேண்டும். கையெழுத்து. அடுத்தது வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்ற ஓர் அறை. அகலக் கதவு, வழுக்காத தரை, குழாய், வடிகால், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உள்பக்கம் தாழ்ப்பாள்.

பரிசீலனை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உள்பக்கம் தாழ்ப்பாளா?"

"சார்ஜ் ஏறும்போது யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது சார்."

"அதுவும் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார். நான்கு வருடம் பதினொரு கடிதத்துக்கு அசையாத பேனா அது!

ஆனால் கம்பெனிப் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணா, எங்க வண்டி மேல தண்ணி பட்டாலே நின்னுடும். இந்த ரூம்ல குழாய் எதுக்கு?"

ரசமட்டம் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, "ஒண்ணு, ரெண்டு, ஹூம்!" என்று சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் அந்தரத்தில் ஓர் அம்மா.

"யாரு அவங்க?"

"என் அக்கா."

அவள் "வண்டிக்கு அவசியம் தேவை" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

தான் கட்டிய மூன்று படிகளைத் தானே சம்மட்டியால் உடைத்தார் ரசமட்டம். ஆட்கள் இருந்தார்கள், விடவில்லை. ஏழே நாளில் சார்ஜ் அறையோடு சாய்தளமும் முடிந்தது. குமிழியை வைத்து வைத்துப் பார்த்து, கடைசிப் பூச்சை இரண்டு முறை சுரண்டி மறுபடியும் பூசினார்.

மறுநாள் அக்கா வந்தபோது சாய்தளத்தின் அடியில் ஒரு பலகை நின்றது. "ரோபோ வண்டிகளுக்கு மட்டும். மற்றவர்கள் செல்லக் கூடாது." பக்கத்தில் காவலாளி. மேலே புதிதாகத் தானியங்கிக் கதவு, வண்டியின் வயிற்றில் உள்ள அடையாள வில்லையைக் கண்டால்தான் திறக்கும். மனிதர்கள் குறுக்கே போனால் வண்டிகளுக்குச் சேதம் வரலாம் என்று பரிசீலனை போட்ட உத்தரவு.

"எனக்கு மேல இருந்து உத்தரவும்மா, தப்பா நினைக்காதீங்க" என்றான் காவலாளி.

அன்றைக்கே அக்காவின் கைக்கு ஒரு கடிதமும் வந்தது. வார்டு ஆட்களைக் குறைத்தாயிற்று, அதனால் அடுத்த மாதம் முதல் தேதி முதல் யாரையும் தூக்கி வைக்க ஆள் அனுப்ப முடியாது. தானாக வந்து இருக்கையில் அமர இயலாத ஊழியர்கள் உடல் தகுதியின்மை காரணமாக ஓய்வில் அனுப்பப்படுவார்கள். முதல் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். படியையோ உடைத்தாயிற்று, நடக்க முடிந்தவர்கள் சுற்றிப் போய் வேறொரு படியில் ஏறிக்கொண்டார்கள். பதினெட்டு அடிச் சாய்தளம் கண் முன்னால் இருக்க, அக்காவைப் பக்கவாட்டில் சுவர் ஏற்றுவதுபோல் வாசல் மேடையில் ஏற்றி, வண்டிக்குக் கதவு திறக்கிற நேரம் பார்த்து உள்ளே தள்ளினார்கள்.

அக்கா கடிதத்தைத் தம்பியிடம் நீட்டினார். "டேய், இவ்வளவு அழகா இழைச்சு இழைச்சுக் கட்டினியே, யாருக்குடா கட்டின?"

ரசமட்டம் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். அந்த ரூமும் கோப்பும் இல்லாவிட்டால் அக்கா என்ன ஆவார் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் ஒரு ஜன்னல், ஒரு கட்டில், பார்க்க எதிர்வீட்டுச் சுவர்.

கம்பெனிப் பெண் விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து அவள் ஊருக்குக் கிளம்பும்போது அவர் மேசையில் உள்ளங்கை அளவு ஒரு வில்லையை வைத்தாள்.

"அண்ணா, இது ஏழாம் நம்பரோடது. வண்டி திரும்பி வர ஆறு மாசம் ஆகும். கதவுக் கணக்குல இந்த நம்பர் ஏற்கெனவே ஏறிடுச்சு. அதுவரைக்கும் பத்திரமா வச்சுக்கங்க. சக்கரம் இருக்கிற எதுலயாவது ஒட்டி வச்சா தொலையாது."

சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். ரசமட்டத்துக்குப் புரியக் கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் பசை டப்பாவைத் தேடி ஓடினார்.

முதல் தேதி. அக்கா சாய்தளத்தில் சக்கரத்தை உருட்டினார். காவலாளி, "அம்மா..." என்று ஆரம்பிப்பதற்குள் மேலே கதவு தானாக விரிந்தது. சுவரில் இருந்த ஒலிபெருக்கி, "ஏழாம் எண் வண்டி வருகிறது. வழி விடவும்" என்று கணீரென்று சொன்னது. காவலாளி பலகையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடைசியில் சல்யூட் அடித்தான்.

"என்னடா, என்னை வண்டியாக்கிட்டியா?" என்று அக்கா தம்பியிடம் எரிந்து விழுந்தார். ஆனால் அந்தக் கோபம் தாழ்வாரத்தின் பாதி தூரம் கூடத் தாங்கவில்லை. நான்கு வருடமாக "கொஞ்சம் வழி விடுங்களேன், கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று தொண்டை வற்றக் கெஞ்சியிருக்கிறார், ஒரு பயல் நகர்ந்ததில்லை. இப்போது ஒலிபெருக்கி ஒரு வார்த்தை சொன்னதும் டாக்டர்கள் சுவரோடு சுவராகப் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டார்கள். வண்டியில் ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் உத்தரவு, அதை மட்டும் செய்தார்கள். கோப்பு கேட்டு ஏழாம் நம்பருக்கு அனுப்புகிற உத்தரவெல்லாம் ரெக்கார்டு ரூம் கம்ப்யூட்டரில் வந்து விழும், அக்கா மடியில் வைத்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

மாதம் முடிந்தது. வண்டிகளின் அறிக்கையைக் கம்ப்யூட்டர் தானே தயாரித்து நேராக டைரக்டருக்கு அனுப்பும். இரண்டாம் நம்பர் ஒரு கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் சிக்கிக்கிடந்தது. மூன்றாம் நம்பர் துடைக்கிற வாளியின் பின்னாலேயே போய்க் கழிவறை வரை சேர்ந்தது. ஐந்தாம் நம்பர் பிரசவ வார்டுக்கான துணியைப் பிணவறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "சேவை நிறைவடைந்தது" என்று சொல்லிவிட்டு வந்தது. ஆனால் ஏழாம் நம்பர்! ஒரு மோதல் இல்லை, ஒரு தடவை நிற்கவில்லை. ரெக்கார்டு ரூமிலிருந்து அதன் கைக்கு வந்த கோப்பு எல்லாம் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. அதை விட அதிசயம், ஒரு நாளைக்கு நான்கே முறைதான் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஐந்தே நிமிடம்.

டைரக்டர் துள்ளிக் குதிக்காத குறை. இனி வாங்கினால் ஏழாம் நம்பர் மாதிரிதான் வாங்குவது என்று முடிவு செய்தார். மற்ற ஆஸ்பத்திரிகளின் தலைவர்களை அழைத்து அதை ஓட்டிக் காட்டவும் ஏற்பாடு செய்துவிட்டார். பரிசீலனை ரசமட்டத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"யோவ், நாளைக்குக் காலையில விருந்தாளிங்க வர்றாங்க. அந்த ஏழாம் நம்பரை நல்லாத் துடைச்சு வை."

ரசமட்டம் சாயங்காலம் அக்காவிடம் ஓடினார். "நாளைக்கு லீவு போட்டுடு. வில்லையைப் பிடுங்கித் தூரப் போட்டுடறேன். மாட்டினா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு."

"வில்லையைப் பிடுங்கினா நான் எப்படிடா உள்ள வருவேன்?"

தம்பி தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

"துடைக்கச் சொன்னாங்கல்ல? துடை" என்றார் அக்கா, மறுநாள் காலையில். தம்பி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் ஈரத் துணியால் துடைத்தார்.

முன் ஹாலில் விருந்தாளிகள் பதினைந்து பேர். ஆறு வண்டிகள் வரிசையாக நீலக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றன. டைரக்டர் அரை மணி நேரம் பேசினார். "மனிதத் தவறே இல்லாத சேவை" என்று நான்கு முறை சொன்னார். பிறகு விருந்தாளிகளில் ஒருவரைப் பார்த்து, "உங்க குடும்பத்துல யாராவது எப்பவாவது இங்க சிகிச்சை எடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். இருபது வருடத்துக்கு முன்னால் தன் தாயார் இங்கே இருந்ததாக அவர் சொன்னார். டைரக்டர் பெயரை டேப்லெட்டில் தட்டி, ஏழாம் நம்பருக்கு அனுப்பினார்.

நான்கு நிமிடம் ஆனது. தூணுக்குப் பின்னால் நின்ற ரசமட்டத்துக்கு அது நாலு வருடமாக இருந்தது.

"ஏழாம் எண் வண்டி வருகிறது. வழி விடவும்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மடியில் கோப்போடு அக்கா உருட்டிக்கொண்டு வந்தார். டைரக்டர் அவருக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் ஓரமாப் போங்க. பின்னால வண்டி வருது."

"பின்னால ஒண்ணும் வரல சார். ஏழாம் நம்பர் நான்தான்."

சொல்லிவிட்டுக் கோப்பை விருந்தாளியின் கையில் கொடுத்தார். "உங்க அம்மாவுதுதானே, பாருங்க. ரெண்டாவது ஆபரேஷன் காகிதம் கடைசியில இருக்கு." அந்த மனிதர் பிரித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. தாயாரின் கையெழுத்து இருந்த இடத்தை அவர் விரலால் தடவினார்.

பரிசீலனையின் முகத்தில் ஈ ஆடவில்லை. விருந்தாளிகளில் இன்னொருவர் அறிக்கையைப் புரட்டி, "அப்போ இந்த நாலு தடவை சார்ஜ்..?" என்று இழுத்தார்.

"பாத்ரூம் சார்" என்றார் அக்கா.

ஹால் முழுக்கச் சிரித்தது. டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இது என்ன விளையாட்டு?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"விளையாட்டு இல்ல சார்." அக்காவின் குரல் உயரவில்லை. "இந்த ஆஸ்பத்திரியிலதான் என் காலை எடுத்தாங்க. ஒரு மணி நேரத்துல எடுத்துட்டாங்க. வாசல்ல இருந்த மூணு படியை எடுக்கறதுக்கு நாலு வருஷம் ஆச்சு. அதையும் எனக்காக எடுக்கல. முதல் தேதியில இருந்து தானா வந்து உட்காரணும், இல்லாட்டி வீட்டுக்குப் போன்னு எழுதினீங்க. தானா வந்து உட்கார்ந்தேன். ஒரு நாள் தவறல, ஒரு கோப்பு தவறல. அதை நீங்களே இப்போ அரை மணி நேரம் புகழ்ந்தீங்க."

ஐந்தாம் நம்பர் வண்டி மட்டும் என்ன நினைத்துக்கொண்டதோ, "சேவை நிறைவடைந்தது" என்றது.

பதினைந்து விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டைரக்டர் பரிசீலனையின் பக்கம் திரும்பினார். "இவங்களை ஓய்வுல அனுப்பறதா ஏதாவது உத்தரவு இருக்கா?"

இருக்கிறது என்றால் டைரக்டர் கொன்றுவிடுவார். இல்லை என்றால் கடிதம் அந்த அம்மா கையில் இருக்கிறது. பரிசீலனைக்கு வியர்த்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்து சொன்னது.

"அது பரிசீலனையில இருக்கு சார்."

தூணுக்குப் பின்னால் ரசமட்டம் பெருமூச்சு விட்டார். பரிசீலனைக்குப் போன எதுவும் இந்தக் கட்டடத்தில் திரும்பி வந்ததில்லை. அக்கா ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அந்தக் கடிதம் அந்தத் தட்டில் முப்பது வருடம் கூடக் கிடக்கும். அக்காவைக் காப்பாற்ற இதை விடப் பலமான உத்தரவு உலகத்தில் கிடையாது.

விருந்தாளிகள் காப்பி குடிக்கப் போனார்கள். ரசமட்டம் திருப்புளியை எடுத்துக்கொண்டு நேராகப் பின்வாசலுக்குப் போனார். "ரோபோ வண்டிகளுக்கு மட்டும்" பலகையின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். மேலே ஏறி, கதவு திறந்த நேரம் பார்த்து அதன் அடியில் ஒரு செங்கல்லை வைத்தார். கதவு மூடப் பார்த்தது, முடியாமல் நின்றுவிட்டது. கீழே ஊன்றுகோலோடு ஒரு கிழவரும், கைக்குழந்தை வண்டியோடு ஒரு பெண்ணும் ரொம்ப நேரமாகச் சுற்றிப் போகும் வழியைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க, இப்படி வாங்க" என்றார்.

காவலாளி ஓடி வந்தான். "அண்ணே, என்னண்ணே பண்றீங்க? இதுக்கு அனுமதி வாங்கிட்டீங்களா?"

ரசமட்டம் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பரிசீலனையில இருக்கு."